மேடத்துக்கு நான் போட்ட டம்மி

எங்கள் மெயின்டெய்னர் மேடம் நீக்கப் பட்டியலைச் சத்தம் போட்டுத்தான் படிப்பார். தி. நகரில் ஒரு துணிக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் எங்கள் அலுவலகம். கீழே தெருவில் ஒருவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஆடித் தள்ளுபடி என்று கத்திக்கொண்டிருப்பான். மேலே மேடம் ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டிருப்பார். நாங்கள் வேலை செய்த லினக்ஸ் இயங்குதளத்தில் புதிதாக ஒரு மென்பொருளை நிறுவச் சொன்னால் சில சமயம் அது முகத்துக்கு நேரே நிபந்தனை வைக்கும். இதை உள்ளே விட வேண்டுமானால் ஏற்கெனவே இருக்கிற இன்னின்ன மென்பொருள் பேக்கேஜ்களை வெளியே அனுப்ப வேண்டும், சம்மதமா என்று கேட்கும். கீழே பட்டியல் இருக்கும். சம்மதம் என்றால் ஒரே ஒரு எழுத்தைத் தட்டினால் போதும். உலகத்தில் எவனும் அந்தப் பட்டியலைப் படிப்பதில்லை, நானும் படித்ததில்லை. "இன்னா மேடம், பேர் படிச்சிக்கினே இருந்தா எப்ப வீட்டுக்குப் போறது?" என்று கிண்டல் செய்வேன். "நாலு பேரை ஆத்தை விட்டு வெளில அனுப்பறே. அவா பேரையாவது கேக்க மாட்டியா நைனா?" என்பார். மந்தைவெளிக்காரர் அவர். நைனா என்ற சொல்லை என்னிடம்தான் பிடித்துக்கொண்டார், பிறகு என்னைவிட அதிகமாக அதைச் சொன்னார்.

நாங்கள் செய்த வேலையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். பள்ளிகளும் நூலகங்களும் ஒதுக்கிவிட்ட பழைய கணினிகளில் ஓடுவதற்காக ஒரு லினக்ஸைத் தயாரித்து வந்தோம். பத்துப் பன்னிரண்டு பேர், பாதிப் பேர் வேறு வேலையில் இருந்துகொண்டு செய்தவர்கள். எது உள்ளே போகலாம், எது கூடாது என்று முடிவு செய்கிற மெயின்டெய்னர் பொறுப்பு மேடத்துடையது. கணினியைப் போட்டதும் முதலில் எழுந்து, மற்ற எல்லாவற்றையும் எழுப்பிவிடுகிற ஒரு நிரல் உண்டு. வீட்டில் முதலில் எழுந்து பாலை வாங்கி வைத்து, எல்லோரையும் தட்டி எழுப்புகிறவரைப் போல. அதை இனிட் என்போம். அதில் பழைய வகை ஒன்று, புதிய வகை ஒன்று. உலகம் மொத்தமும் புதியதற்கு மாறிவிட்டது. எங்கள் கிழட்டு மெஷின்களுக்குப் பழையதுதான் ஒத்துக்கொண்டது. ஒரு உறையில் இரண்டு கத்தி இருக்காது என்பார்களே, அந்தக் கதைதான். ஒரே கணினியில் இரண்டையும் வைக்க முடியாது, கன்ஃப்ளிக்ட் என்போம். ஆனால் வெளியிலிருந்து வருகிற ஒவ்வொரு மென்பொருளும் புதியது இருந்தால்தான் உள்ளே வருவேன் என்று அடம் பிடிக்கும். அதை ஒவ்வொன்றாகப் பிரித்து, அந்த அடத்தை நீக்கி, பழையதிலேயே எழும்படி திரும்பக் கட்டுவதுதான், அதாவது ரீபில்ட் செய்வதுதான், எங்கள் பிழைப்பு. ஒன்றுக்கு ஒரு வாரம், பத்து நாள் ஆகும்.

குறுக்கு வழியும் உண்டு. உள்ளே எதுவுமே இல்லாத காலிப் பேக்கேஜ் ஒன்றைத் தயாரித்து, அதற்குப் புதிய இனிட்டின் பெயரை வைத்துவிட்டால் போதும். கேட்டது கிடைத்துவிட்டது என்று வந்தவன் நம்பி உள்ளே வந்துவிடுவான். இதற்கு டம்மி என்று பெயர். அரை மணி நேர வேலை. மேடத்துக்கு டம்மி என்றாலே ஆகாது. எங்கள் ஆட்களில் ஒருவர் ஒரு பள்ளிக்கு அப்படிப் போட்டு அனுப்பியது தெரிந்து, ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. "அவசரத்துல அண்டாவுலயும் கை நுழையாது. ஒரு வாரம் ஆகும்னு சொல்லு, யாரும் அடிக்க மாட்டா" என்பார். திமிர் பிடித்தவர் என்று சிலர் விலகிப் போனார்கள். திமிர் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். எனக்கு அந்தத் திமிர் பிடித்திருந்தது.

அவருக்கு முதலில் விரல்கள் போயின. விசைப்பலகையில் வலது சுண்டுவிரல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்றார். தூக்கம் இல்லாததால் இருக்கும் என்று நான் பெரிய மருத்துவனைப் போலச் சொன்னேன். ஆறு மாதத்தில் பெயர் தெரிந்தது. நரம்புகள் ஒவ்வொன்றாகக் கைவிடுகிற நோய், மருந்து இல்லை. கை, கால், அப்புறம் நாக்கு, கடைசியில் மூச்சு என்று போகும் வரிசையை அவரே எனக்கு விளக்கினார், நீக்கப் பட்டியலைப் படிக்கிற அதே குரலில். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. "அழுதுட்டு வா. மைக் வாங்கணும்" என்றார்.

நாக்கு போவதற்குள் குரலைப் பதிவு செய்து வைத்துவிட வேண்டும் என்பது அவர் திட்டம். மந்தைவெளி வீட்டின் படுக்கையறையில், ஜன்னலுக்கு இரண்டு போர்வை மாட்டி, நானூறு வாக்கியங்கள் பதிவு செய்தோம். பறக்கும் ரயில் நிலையத்திலிருந்து ரொம்ப தூரமில்லை அந்த வீடு. ரயில் போகும்போதெல்லாம் நிறுத்தி, போன பிறகு மறுபடி ஆரம்பிப்போம். மதியத்துக்கு மேல் அவர் குரல் களைத்துக் குழறத் தொடங்கும், அதனால் காலையில் மட்டும். தண்ணீர் வேண்டும், திருப்பிப் படுக்க வை, ஃபேனைக் குறை என்று அவருக்குத் தேவைப்படப் போகும் வாக்கியங்கள் இருந்தன. நடுவே அவராகச் சேர்த்துக்கொண்ட திட்டுகளும் இருந்தன. "இன்னா நைனா, லேட்டு" என்று என் சைதாப்பேட்டைத் தமிழில் ஒன்றைச் சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் மூன்று முறை திரும்பப் பதிவு செய்தார்.

ஆனால் அந்தப் பதிவுகளைக் கொண்டு, எதை எழுதினாலும் அவர் குரலிலேயே பேசவைக்கிற மென்பொருள் அப்போது எங்கள் லினக்ஸில் ஓடவில்லை. வேறு வழியில்லாமல் ஒரு பழைய எந்திரக் குரலை வைத்துக் கொடுத்தேன். திரையில் எழுத்துகள் வரிசையாக ஒளிர்ந்துகொண்டே போகும். வேண்டிய எழுத்து வரும்போது அவர் வலது கன்னத்தை அசைப்பார், அங்கே ஒட்டிய பொத்தான் அதைப் பிடித்துக்கொள்ளும். ஒரு வார்த்தைக்கு ஒரு நிமிடம் ஆகும். வாக்கியம் முடிந்ததும் எந்திரம் அதைத் தகர டப்பாவில் கல்லை உருட்டின மாதிரிப் படிக்கும். மேடத்தின் கணவர் அடையாறில் வேலைக்குப் போகும் நேரத்தில் பார்த்துக்கொள்ள ஒரு ஆயாம்மாவை நான்தான் கொண்டு வந்து விட்டேன். சைதாப்பேட்டையில் ஆற்றோரத்தில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்தவர். அங்கிருந்து எல்லோரையும் ஊருக்கு வெளியே மாற்றிய பிறகும் இரண்டு பஸ் மாறி மந்தைவெளிக்கு நேரத்துக்கு வந்துவிடுவார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. திரையில் என்ன இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான். எந்திரம் சொன்னால் செய்வார், தாயைப் போலச் செய்வார்.

இரண்டாவது வருடம் கன்னமும் தளர ஆரம்பித்தது. ஒருநாள் படியில் இறங்கும்போது அவர் கணவர் என்னை நிறுத்தினார். "இன்னும் எத்தனை நாள் டைப் பண்ணுவாளோ தெரியலை. ஒரே ஒரு தடவை அவ குரலைக் கேட்டாப் போறும் எனக்கு" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. அந்த மனிதர் அதுவரை என்னிடம் எதையும் கேட்டதே இல்லை. 

அந்தப் புதிய மென்பொருளுக்குப் புதிய இனிட் வேண்டும். முறையாகப் பிரித்துக் கட்ட எனக்குப் பத்து நாளாவது ஆகும். கன்னம் பத்து நாள் தாங்குமா? இப்படித்தான் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மேடம் தூங்கிக்கொண்டிருந்தபோது, அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து டம்மியைத் தயார் செய்தேன். நிறுவச் சொன்னேன். பட்டியல் வந்தது. சம்மதம் என்று தட்டினேன். அந்தப் பட்டியலில் பழைய எந்திரக் குரலும் இருந்தது. எட்டு வருடம் அந்த அம்மாளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்தவன் நான். அவர் பக்கத்திலேயே அதைப் படிக்காமல் தட்டினேன். புதிய குரல் தானாக எழவில்லை, எழுப்புவதற்கு அங்கே ஆள் இல்லையே. ஒரு வரிக் கட்டளை கொடுத்துக் கையால் எழுப்பினேன். எழுந்தது.

மேடம் கண் விழித்தார். கன்னத்தை அசைத்து அசைத்து முதல் வாக்கியத்தை முடிக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. "இன்னா நைனா, லேட்டு." அவருடைய குரல். போர்வை மாட்டிய அறையில் காலை வேளையில் பேசிய அந்தக் குரல் அப்படியே. சமையலறையிலிருந்து அவர் கணவர் கையில் கரண்டியோடு ஓடி வந்து வாசற்படியில் நின்றுவிட்டார். அடுத்தது அவருக்கு. "ஏன்னா, மாடில துணி காயறது. மழை வரும் போல இருக்கு." அந்த மனிதர் அழுதுகொண்டே மாடிக்குப் போய் நிஜமாகவே துணியை எடுத்துக்கொண்டு வந்தார். மூன்றாவதாக என்னிடம் கேட்டார். "கன்ஃப்ளிக்டை எப்படித் தீத்தே?" நான் சொன்னேன், "ரீபில்ட் பண்ணேன் மேடம்." "ஒரே நாள்லயா?" "நாங்க இன்னா சும்மாவா?" என்று காலரைத் தூக்கிவிட்டேன்.  பிறகு கணவரைப் பார்த்து வேறு ஏதோ பேசத் தொடங்கினார். ஒருமுறை கணினியை அணைத்துப் போட்டு, குரல் தானாக எழுகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். எங்கள் தொழிலில் அதுதான் பாலபாடம். அந்தக் குரலை நடுவில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன்.

திங்கட்கிழமை ஆபீசில் வேலை நெரித்தது, போகவில்லை. செவ்வாய்க்கிழமை அந்தப் பகுதியில் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தினார்கள். இன்வெர்ட்டர் இருந்தது. ஆனால் கரண்ட் போய் இன்வெர்ட்டர் பிடித்துக்கொள்கிற அந்த ஒரு நொடி போதும், பேட்டரி செத்துப்போன அந்தப் பழைய லேப்டாப் அணைவதற்கு. ஆயாம்மா அதைத் திரும்பப் போட்டார். எழுத்துகள் ஒளிர்ந்தன. குரல் எழவில்லை, பழைய எந்திரக் குரலும்தான் போய்விட்டதே.

பத்து மணிக்கு எனக்கு ஃபோன். "தம்பி, மிஷினு பேச மாட்டேங்குது. அம்மா கண்ண உருட்டிக்கினே கீது. தண்ணியான்னு கேட்டேன், கண்ணாலயே இல்லேங்குது. ஒண்ணுக்கான்னு கேட்டேன், இல்லேங்குது. இன்னா கேக்குதுன்னே புரியல." நான் ஒரு மீட்டிங்கில் இருந்தேன். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்மா" என்றேன். பதினொன்றரைக்கு மறுபடி ஃபோன். "அதே மாரிதான் கீது தம்பி. அம்மாக்கு வேர்க்குது. சாருக்கு ஃபோன் போடட்டா?" அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலை எத்தனையோ முறை எனக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். "சாரை எதுக்குத் தொந்தரவு பண்றே? அவங்களுக்குக் குரல் வரலேன்னு டென்ஷன். மிஷின்லதான் பிரச்சனை, வேற ஒண்ணும் இல்ல. இன்னொரு வாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணு. சாயங்காலம் நான் வரேன்." என் பேச்சை அவர் நம்பினார். சின்ன வயதிலிருந்து என்னைத் தெரியும், கம்ப்யூட்டர் படித்த பிள்ளை நான். ஒரு மணிக்கு மூன்றாவது முறை அழைத்தார். நான் எடுக்கவில்லை.

மூன்று மணிக்கு ஆயாம்மா தானாகவே கணவருக்கு ஃபோன் செய்தார். தகவல் தெரிந்து நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. காலையில் கொடுத்த கஞ்சி கொஞ்சம் மூச்சுக்குழாயில் இறங்கியிருக்கிறது என்றார் ஆஸ்பத்திரியில் மருத்துவர். எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது என்று கேட்டார்.  குழாய் வைத்தார்கள். நான்கு நாள் கழித்து மேடம் போய்விட்டார். சீக்கிரம் கொண்டு வந்திருந்தால் என்று நான் மருத்துவரிடம் தனியாகக் கேட்டேன். "அதெல்லாம் சொல்ல முடியாதுங்க" என்றார். அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நாள் ஓட்டினேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலமே, எல்லோரும் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, சாவியை வாங்கிக்கொண்டு மந்தைவெளி வீட்டுக்குப் போனேன். மேடத்தின் துணிமணி எடுத்து வர என்று சொல்லிவிட்டுப் போனேன். லேப்டாப்பைத் திறந்தேன். அவர் எழுதி முடித்த ஒவ்வொரு வாக்கியத்தையும் அந்த நிரல் நேரத்தோடு குறித்து வைக்கும். படித்தேன்.

"குரல் எழலை." "நைனாவைக் கூப்பிடுங்கோ." அதற்கடுத்து ஒரு கட்டளை. நான் ஞாயிற்றுக்கிழமை கையால் கொடுத்தேனே, அந்த ஒற்றை வரி, எழுத்துப் பிசகாமல். மேடம் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அவர் எழுதக்கூடிய இடம் பேசுகிற பெட்டி ஒன்றுதான். அங்கே எழுதினால் எந்தக் கட்டளையும் ஓடாது. கட்டளை கொடுக்கும் டெர்மினல் ஒன்று எனக்கும் வேண்டும் என்று ஒரு வருடத்துக்கு முன்பே அவர் கேட்டிருந்தார். உடம்பு முடியாதவருக்கு அது எதற்கு, எதையாவது கெடுத்துக்கொள்ளப் போகிறார் என்று நானாக முடிவு செய்து வைக்காமல் விட்டேன். எங்கள் லினக்ஸ் மொத்தத்துக்கும் மெயின்டெய்னர் அவர். அவருடைய சொந்தக் கணினியில் அவரைக் கட்டளை கொடுக்க விடவில்லை நான். அந்த வரியை ஆறு முறை எழுதியிருந்தார். கணவர் வந்தால் படித்துச் சொல்வார் என்று நினைத்தாரா, என் கண்ணில் படும் என்று நினைத்தாரா, தெரியவில்லை. பிறகு, "ஆஃப் பண்ண வேண்டாம்." மறுபடி, "ஆஃப் பண்ண வேண்டாம்." அதற்குப் பிறகு கால் மணி நேரம் ஒன்றும் இல்லை, கணினி திரும்ப எழுந்துகொண்டிருந்த நேரம் அது. நான் சொன்னபடி ஆயாம்மா அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பன்னிரண்டு பத்துக்கு, "ரீபில்ட் பண்ணலை நீ. டம்மி." பன்னிரண்டரைக்கு, "மூச்சு சரியா இல்லை." ஒன்றேகாலுக்கு, "அவரைக் கூப்பிடு." கடைசி வரியும் அதுதான், ஒன்று ஐம்பதுக்கு. "அவரைக் கூப்பிடு."

அந்தக் கோப்பை என் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, லேப்டாப்பில் இருந்ததை அழித்தேன். துணிமணியையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு, அந்த மென்பொருளை முறையாகப் பிரித்து, பழைய இனிட்டில் தானாக எழும்படி கட்டி முடித்தேன். ஒன்பது நாள் ஆயிற்று. இன்றைக்கு எத்தனையோ பேர் அதை நிறுவிக்கொள்கிறார்கள். மாற்றக் குறிப்பில் 'சார்புச் சிக்கல் தீர்க்கப்பட்டது' என்று ஒரு வரி எழுதினேன். ஏன், யாருக்காக என்பதெல்லாம் எழுதவில்லை. ஆயாம்மா என்னைப் பார்த்தால் இன்னும் அழுகிறார். "எனக்கு நாலு எழுத்து தெரிஞ்சிருந்தா அம்மா பொழைச்சிருக்கும் தம்பி" என்கிறார். அந்தப் பழியை அவர் தலையில் இருந்து இறக்கி வைக்க எனக்கு ஒரு வாக்கியம் போதும். இரண்டு வருடம் அதைச் சொல்லவில்லை. கோழை என்பதைத் தவிர எனக்கு வேறு பெயர் கிடையாது.

போன மாதம் மேடத்தின் கணவர் ஃபோன் செய்தார். மந்தைவெளி வீட்டைக் காலி செய்வதாகவும், லேப்டாப்பை நான் வைத்துக்கொண்டால் நன்றாயிருக்கும் என்றும் சொன்னார். இப்போது நான் இருக்கிற ஆதம்பாக்கத்திலிருந்து கிளம்பிப் போனேன். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, அவர் தரையில் உட்கார்ந்தார். "ஒண்ணு கேக்கணும் உங்களை. அன்னிக்குக் கார்த்தாலேர்ந்து அவ என்னமோ சொல்லப் பாத்துண்டே இருந்தான்னு ஆயா சொல்றா. என்னவா இருக்கும்?" இதற்கு முன்பும் இரண்டு முறை கேட்டிருக்கிறார். இரண்டு முறையும் தெரியாது என்றேன். அன்று என்னால் முடியவில்லை. பையிலிருந்து பென்டிரைவை எடுத்துச் சொருகி, கோப்பைத் திறந்து, லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். கட்டளை வரிகளை விரலால் தாண்டிப் போனார். ஓரிடத்தில் நின்று, "டம்மின்னா என்ன?" என்று கேட்டார். சொன்னேன். காலிப் பேக்கேஜ், பட்டியல், மூன்று ஃபோன் அழைப்புகள், டெர்மினல், என் பொய், எல்லாவற்றையும் சொன்னேன்.  திட்டுவார் என்று காத்திருந்தேன், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தேன். அவர் கடைசி இரண்டு வரிகளில் இருந்த நேரத்தைத் திரும்பப் பார்த்தார். ஒன்றேகால், ஒன்று ஐம்பது.

"அன்னிக்கு ஆபீஸ்ல எனக்கு வேலையே இல்லை" என்றார். "சாப்பிட்டுட்டு சும்மாதான் உக்காந்துண்டிருந்தேன்."